முதலில் பேச்சு, பிறகு பிரகடனம்

‘உரையாடல்’ என்ற சொல்லை இலக்கியக் கூட்டங்களில் நாம் தாராளமாகப் புழங்குகிறோம். ஒரு சமூகத்தைப் பிளக்கும் கேள்வியை உரையாடலால் தீர்க்க முடியுமா, முடியுமென்றால் எப்படி என்பதைத்தான் இன்று பேச நினைக்கிறேன்.

நமக்கு நன்றாகப் பழகிய வடிவம் பட்டிமன்றம். மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறையும்போது, சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்கிறார்கள். பகைவரோடும் கலகம் செய்யாமல் விலகிச் செல்லுங்கள் என்றும் சொல்கிறார்கள். அவ்வளவு பழைய மரபு அது. ஆனால் இன்றைய பட்டிமன்றத்தில் யாரும் அணி மாறுவதில்லை. மாறினால் நிகழ்ச்சியே கெட்டுவிடும். கூடி ஆராய்வது இதற்கு நேரெதிர். அங்கே ஒருவர் மனம் மாறினால் அது தோல்வி ஆகாது.

அயர்லாந்தை எடுத்துக்கொள்வோம். 1983 முதல் அந்நாட்டு அரசியலமைப்பில் கருக்கலைப்புக்கு எதிரான ஒரு திருத்தம் இருந்தது. கட்சிகள் தொட அஞ்சிய விஷயம். 2016இல் அரசு ஒரு மக்கள் அவையை அமைத்தது. தலைவராக நீதிபதி மேரி லஃபோய். உறுப்பினர்கள் 99 பேர். வயது, பால், பிரதேசம், வர்க்கம் பார்த்து, எழுமாற்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சாதாரண மக்கள். ஐந்து வாரஇறுதிகள் இந்த ஒரே விஷயத்துக்காகக் கூடினார்கள். மருத்துவர்கள், சட்ட அறிஞர்கள், இரு தரப்பு இயக்கத்தினர் ஆகியோர் பேசியதைக் கேட்டார்கள். அந்தப் பொது அமர்வுகள் நேரலையில் போயின. ஆனால் சிறு மேசைகளைச் சுற்றி அவர்கள் தமக்குள் பேசியதைப் படம்பிடிக்கவில்லை. யாரும் பார்க்காத இடத்தில்தான் ஒரு மனிதரால் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல முடியும். அவை சொன்ன பரிந்துரை நாடாளுமன்றக் குழுவுக்குப் போய், பிறகு 2018 மே 25 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. 66.4 வீதத்தினர் மாற்றத்தை ஆதரித்தனர். தோற்றவர்களுக்கு அது வலித்தது. ஆனால் தங்களுக்குத் தெரியாமல் முடிந்த காரியம் என்று அதைச் சொல்வது கடினம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2010 பெப்ரவரியில் பிரித்தானிய நாடாளுமன்றக் கட்டடத்தில் தொடங்கப்பட்ட உலகத் தமிழர் பேரவையைச் சேர்ந்தவர்கள், 2023 ஏப்ரலில் நேபாளத்தின் நாகர்கோட்டில் இலங்கையின் பௌத்த பிக்குகள் சிலரைச் சந்தித்தார்கள். அங்கே உருவானது ஆறு அம்சங்கள் கொண்ட இமாலயப் பிரகடனம். டிசம்பரில் அதை ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவிடம் கையளித்தார்கள். புதிய அரசியலமைப்பு, மாகாணங்களுக்குப் போதிய அதிகாரம், பொறுப்புக்கூறல் எல்லாம் அதில் இருந்தன. இருந்தும் பல புலம்பெயர் அமைப்புகள் அதை நிராகரித்தன. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களும் எதிர்த்தார்கள். சுயநிர்ணயம் எங்கே, சர்வதேச நீதி எங்கே என்று கேட்டார்கள். அவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருந்தது: எங்கள் பெயரில் பேச உங்களை யார் அனுப்பியது?

சந்திப்பை ஆதரித்தவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. முன்கூட்டியே அறிவித்திருந்தால் இரு பக்கத்துக் கடும்போக்காளர்களும் அதை நடக்கவே விட்டிருக்க மாட்டார்கள். மூடிய அறை தேவைப்பட்டிருக்கலாம் என்றே நானும் நினைக்கிறேன். அயர்லாந்தின் மேசைகளும் மூடியவைதான். வேறுபாடு வரிசையில் இருக்கிறது. இங்கே பிரகடனம் முதலில் வந்தது. 25 மாவட்டங்களிலும் மக்களோடு உரையாடுவது என்பது அதற்குப் பிறகான திட்டம். முடிவைக் கையில் கொடுத்துவிட்டுக் கருத்துக் கேட்டால், ஆம் அல்லது இல்லை என்பதைத் தவிர மக்களுக்குச் சொல்ல வேறென்ன மிஞ்சும்? பிள்ளையைத் தொலைத்த ஒரு தாய் முதல் நாளிலேயே அந்த மேசையில் இருந்திருந்தால், பிரகடனத்தின் வாசகமே வேறாக இருந்திருக்கும். அதை எதிர்த்துப் பேசுவதும் அவ்வளவு எளிதாக இருந்திராது.

யாரை உட்கார வைப்பது என்பதற்கு ஒரு வழி நம் வரலாற்றிலேயே உண்டு. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையை விவரிக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். நிலமும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கு மட்டுமே இடம் தந்த சபை அது. அதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. ஆனால் செல்வாக்குள்ளவர் தாமே வந்து அமர முடியாதபடி செய்யும் அந்த உத்தி நல்ல உத்தி. நம்மவர் நிறைந்த ஈஸ்ட்ஹாம் அடங்கிய நியூஹாம் கவுன்சில் 2021இல் தொடங்கிய நிரந்தர மக்கள் அவையும் இதே எழுமாற்றுத் தேர்வைத்தான் நம்பியது.

லண்டன் தமிழரால் இதைச் செய்ய முடியும். போரில் உறவை இழந்தவர், இங்கே பிறந்து தமிழ் தடுமாறும் இளையவர், எந்த அமைப்பிலும் இல்லாத கடைக்காரர் என்று அறுபது பேரைக் குலுக்கலில் எடுக்கலாம். நான்கு வாரஇறுதிகள் கொடுக்கலாம். எல்லாத் தரப்பு ஆவணங்களையும் அவர்கள் முன் வைக்கலாம். ஒருமித்த முடிவு வராமல் போகலாம். எங்கே உடன்படுகிறோம், எங்கே பிரிகிறோம் என்பதாவது எழுத்தில் கிடைக்கும். அடுத்த முறை யாராவது நம் பெயரில் ஒரு மேசைக்குப் போனால், கையில் கொண்டுபோக அந்தக் காகிதம் இருக்கும்.