கட்டாயக் கோப்புப் பூட்டு நீக்கமும் லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களும்

கட்டாயப் பூட்டு என்பது, ஒரு நிரல் பூட்டி வைத்திருக்கும் கோப்பை வேறு நிரல்கள் படிக்கவோ அதில் எழுதவோ முடியாதபடி லினக்ஸ் கருனியே தடுத்துவந்த வசதியாகும். 2021 அக்டோபரில் வெளியான 5.15 பதிப்பில் இது நீக்கப்பட்டது. ஒரு வசதி போனபின் அதை விளக்கிய கையேட்டுப் பக்கங்களை எப்படித் திருத்துவது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கோப்புப் பூட்டுகள் இரு வகை. ஒன்று அறிவுறுத்தல் பூட்டு. இது பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போன்றது. துண்டை மதிப்பவர் உட்கார மாட்டார், மதிக்காதவரைத் துண்டு தடுக்காது. இவ்வகை இன்றும் உள்ளது, பரவலாகப் பயன்படுகிறது. மற்றொன்றான கட்டாயப் பூட்டில், பூட்டு இருக்கிறதா என்று பார்க்காத நிரலையும் கருனி காக்க வைக்கும் அல்லது பிழைக்குறி தந்து திருப்பி அனுப்பும். யூனிக்ஸ் சிஸ்டம் வி வழிவந்த இவ்வசதி போசிக்ஸ் தரத்தில் இடம்பெறவில்லை.

இதைப் பெற இரண்டு ஏற்பாடுகள் தேவைப்பட்டன. கோப்பு முறைமையை ‘மேண்ட்’ என்னும் விருப்பத்துடன் இணைக்க வேண்டும். பிறகு அந்தக் கோப்பில் குழு அடையாள பிட்டை இட்டு, குழுவின் இயக்க அனுமதியை எடுத்துவிட வேண்டும். இந்தச் சேர்க்கைக்கு வேறு பொருள் இல்லாததால் அதையே அடையாளமாகக் கொண்டார்கள்.

வசதியின் குறை அதன் அடிப்படையிலேயே இருந்தது. எழுதுமுன் பூட்டு உண்டா என்று கருனி பார்க்கும். பார்த்ததற்கும் எழுதுவதற்கும் இடைப்பட்ட நொடிப்பொழுதில் வேறொரு நிரல் பூட்டிவிடலாம். அப்போது பூட்டிய கோப்பிலேயே எழுத்து விழும். பயன்படுத்தியவர்களும் மிகச் சிலரே. எனவே 4.5 பதிப்பில் இது விரும்பினால் மட்டும் சேர்க்கும் வசதியாக்கப்பட்டது. ஃபெடோரா போன்ற வழங்கல்கள் அதை அணைத்துவைத்தன. இறுதியில் நிரல்வரிகளே அகற்றப்பட்டன.

இனி கையேட்டின் நிலை. யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. அந்த மரபில் வந்த லினக்ஸ் பக்கங்களில் 2ஆம் பிரிவு கருனி அழைப்புகளுக்கும், 8ஆம் பிரிவு நிருவாகக் கட்டளைகளுக்கும் உரியவை. கட்டாயப் பூட்டைப் பற்றிய செய்தி ஒரே இடத்தில் இல்லை. பூட்டு விதிகள் 2ஆம் பிரிவின் ‘எஃப்சிஎன்டிஎல்’ பக்கத்தில் இருந்தன. இணைப்புக் கொடி அதே பிரிவின் ‘மவுண்ட்’ பக்கத்தில். ‘மேண்ட்’ விருப்பமோ 8ஆம் பிரிவின் ‘மவுண்ட்’ பக்கத்தில். கடைசியாகச் சொன்னது யுடில்-லினக்ஸ் என்னும் தனித் திட்டத்தினர் எழுதுவது. ஒரு பக்கத்தைத் திருத்தி மற்றதை விட்டால் கையேடு தனக்குத்தானே முரண்படும்.

பழைய பத்தியை வெட்டி எறிந்தால் வேலை முடிந்தது என்று தோன்றலாம். அப்படிச் செய்யவில்லை, செய்யாததே சரி. பழைய கருனியுடன் ஓடும் கணினிகள் இன்னும் உண்டு. பழைய நிரலைப் படிப்பவருக்கும் விளக்கம் வேண்டும். ஆகவே விளக்கத்தை வைத்துக்கொண்டு, எந்தப் பதிப்பிலிருந்து செல்லாது என்பதைச் சேர்த்தார்கள். 5.15 முதல் இவ்வசதிக்கு ஆதரவே கிடையாது என்று ‘எஃப்சிஎன்டிஎல்’ பக்கம் வெளிப்படையாகச் சொன்னது. ‘மவுண்ட்’ பக்கங்களோ ‘வழக்கொழிந்தது’ என்ற அளவில் நின்றன. அச்சொல் ‘இன்னும் வேலை செய்யும், ஆனால் தவிர்க்கவும்’ என்றும் பொருள்படுவதால், முந்தைய வாசகமே மேல்.

இந்த வேறுபாடு சொல் நயம் பற்றியதன்று. புதிய கருனியில் ‘மேண்ட்’ விருப்பத்துடன் இணைத்தால் இணைப்பு தோல்வியடையாது. கருனி அதைப் புறக்கணித்து, தன் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை வரியை மட்டும் எழுதும். பதிவேட்டைப் பார்க்காத நிருவாகி, பழைய பக்கத்தை நம்பிக் கணக்குக் கோப்பு பூட்டப்பட்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். இரண்டு நிரல்கள் அதில் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கும்.

கையேட்டுத் தொகுப்பும் கருனியும் தனித்தனியே வெளியாவதால், கணினியில் உள்ள பக்கம் அதன் கருனியைவிடப் பழையதாக இருக்கலாம். பக்கத்தின் அடிவரியில் உள்ள தேதியையும், ‘யூநேம் -ஆர்’ கட்டளை காட்டும் கருனிப் பதிப்பையும் ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்.