தண்டச்சோறு: ஒரு சொல்லாய்வு

தஞ்சைப் பகுதியில் உழையாது உண்பவனைத் ‘தண்டச்சோறு’ என்று ஏசுவர். தண்டம் என்னும் சொல் கோலையும் தண்டனையையும் குறிப்பதோடு, வழக்கில் வீண்செலவையும் குறிக்கும். ஆகவே தண்டச்சோறு என்பது இட்டவருக்கு இழப்பான சோறு. பேச்சிலோ அது சோற்றை விட்டு உண்பவன்மேல் ஏறிவிட்டது. எழுத்து வழக்கிலுள்ள ‘ஒட்டுண்ணி’, ‘புல்லுருவி’ என்பனவற்றில் இத்துணைச் சூடு இல்லை.

கிரேக்கத்தில் இதற்கு நிகரான சொல் ‘பாராசித்தொஸ்’. ‘பாரா’ என்பது அருகில். ‘சித்தொஸ்’ என்பது தானியம். ஆனால் தொடக்கத்தில் இஃது ஏச்சன்று. கோயிலுக்குரிய தானியத்தைத் திரட்டி, கோயில் விருந்தில் பங்குபெற்ற மதிப்புக்குரிய பணியாளரையே ஏதென்ஸ் நகரில் இச்சொல் குறித்தது. செல்வர் பந்தியில் முகத்துதி பாடி உண்பவன் என்னும் பொருளை நாடகங்களே பரப்பின. புதிய ஏற்பாட்டில் இச்சொல் இல்லை. எனினும், பிடியரிசிக் காணிக்கையைப் பெறும் ஆயர்களாகிய நாம் இதன் பழம்பொருளுக்கு மிக அருகில் நிற்கிறோம் என்பதை மறைக்க இயலாது.

இந்நிலையில், 2 தெசலோனிக்கேயர் 3:10ஐ நாம் யாரை நோக்கிப் போதிக்கிறோம்? பவுலடிகள் அங்கே கண்டிப்பது உழைக்க மனமற்றவரை. வேலை கிடைக்காதவரை அன்று. நடவுக்கும் அறுப்புக்கும் இடையே காவிரிப் படுகையின் உழவுத் தொழிலாளிக்கு வேலை அரிது. மேட்டூர் அணை உரிய காலத்தில் திறவாத ஆண்டில் நடவே ஐயம். அவரைத் தண்டச்சோறு என்பது திருமறை விளக்கமாகாது. வயலில் கால்வையாமலே மேல்வாரம் பெற்ற மிராசுதாரரை எவரும் அப்பெயரால் அழைத்ததாகத் தெரியவில்லை. குத்தகையாளருக்கு விளைச்சலில் ஐந்தில் இரு பங்கேனும் கிடைக்க 1952இல் தஞ்சைக்கெனத் தனிச் சட்டமே வேண்டியதாயிற்று. கூலிநெல்லை உயர்த்தக் கேட்டுச் சங்கமாகக் கூடியோர்மேல் மூண்ட பகையில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 பேர் எரியுண்டு மாண்டனர். அது கிறிஸ்து பிறப்பின் இரவு என்பதை நம் பிரசங்கங்கள் அரிதாகவே நினைவுகூர்கின்றன.

ஊழியரின் உணவைப்பற்றி 1 கொரிந்தியர் 9ஆம் அதிகாரம் இரண்டையும் கூறுகிறது: பலிபீடத்தில் பணிசெய்வோர்க்கு அதிலே பங்குண்டு, பவுலோ அவ்வுரிமையைப் பயன்படுத்தவில்லை. ஆதித் திருச்சபையின் ‘திதகே’ என்னும் நூல் இன்னும் கண்டிப்பானது. மூன்று நாள் தங்கும் அப்போஸ்தலன் கள்ளத் தீர்க்கதரிசி; சோம்பியிருந்து உண்ண விரும்பும் கிறிஸ்தவன் கிறிஸ்துவை வைத்து வணிகம் செய்பவன். மெய்யான தீர்க்கதரிசிக்கோ களத்தின் முதற்பலனைக் கொடுக்கவேண்டும் என்கிறது அந்நூல். தீர்க்கதரிசி இல்லாத சபை அம்முதற்பலனை ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்பது அதன் அடுத்த கட்டளை.