பழைய கணினியின் புகாரை யார் கேட்பது?

புது தில்லி: அலுவலகக் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்த கடிதம் திடீரென மறைந்துவிடுகிறது. மென்பொருளில் பிழை என்று புகார் போகிறது. அதை ஆராய்பவரின் கணினியிலோ 16 ஜிபி நினைவகம். அங்கு அப்பிழை தோன்றுவதே இல்லை. புகார் முடித்துவைக்கப்படுகிறது. நாடாளுமன்றத்தில் 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்று வரும் பதிலாவது இதைவிட மேல்.

பல வேளைகளில் குற்றவாளி அந்த மென்பொருள் அல்ல. நினைவகம் தீர்ந்துபோனால், கணினி முழுவதும் முடங்கிவிடாமலிருக்க, லினக்ஸின் கெர்னல் அதிக இடம் பிடித்துள்ள நிரல் ஒன்றைத் தானே நிறுத்திவிடும். திரையில் பெரும்பாலும் அறிவிப்பு வராது. பதிவுக் கோப்பில் மட்டும் சில வரிகள் இருக்கும். அவ்வரிகளையும் நினைவகத்தின் அளவையும் முதலிலேயே கேட்டுப் பெற வேண்டும். 512 எம்பி என்று தெரிந்தால், மெய்நிகர் கணினிக்கு அதே அளவை ஒதுக்கிப் பிழையை வரவழைத்துப் பார்க்கலாம்.

மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட 'பாஸ்' இயங்குதளத்துக்கு அடிப்படை டெபியன். டெபியனோ 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13-ம் பதிப்பில், இன்டெல் வகை 32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. அத்தகைய கணினிகளை வைத்திருப்போர் இனி பதிப்பு எண்ணையும் மறவாமல் எழுத வேண்டியிருக்கும்.