முதலுதவிப் பெட்டியின் சாவி யாரிடம்?



உங்கள் தோட்டத்தில் முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டால், "இருக்குங்க, ஆபீசுல வச்சிருக்காங்க" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். திறந்து பார்த்தீர்களா என்று கேட்டால் சத்தமே இருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் நான் கண்ணால் கண்டது இது. செம்பனைக் குலை வெட்டியவரின் கம்பு நழுவி, அரிவாள் முன்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. பெட்டி ஆபீஸ் அலமாரியில் இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது. சாவி கிராணியிடம், கிராணியோ பேங்குக்குப் போயிருந்தார். மண்டோர் தன் தலைத்துண்டை அவிழ்த்து இறுக்கிப் பிடித்து லோரியில் ஏற்றிக்கொண்டு போனார். ஆள் பிழைத்தார். பிறகு பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒரு இருமல் மருந்துப் போத்தல், தலைவலி மாத்திரை, ஒட்டாத பிளாஸ்டர். கட்டுத்துணி ஒரு முழம்கூட இல்லை!

முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் இருந்தார். அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965ல் ஒரு சட்டம் வந்தது. இன்று பல தோட்டங்களில் டிரசரும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. ஆசஹான் பக்கத்திலிருந்து ஜாசின் ஆஸ்பத்திரிக்கோ, மஸ்ஜித் தானா பக்கத்திலிருந்து அலோர் காஜா ஆஸ்பத்திரிக்கோ போய்ச் சேரும் வரைக்கும் உயிரைக் காப்பது அந்தப் பெட்டிதான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொடக்கத்திலிருந்தே விவசாயத் தொழிலுக்கும் சேர்த்துத்தான் வந்தது. 2024 ஜூன் 1 முதல் அது ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துவிட்டது. ஆகவே பத்து பிரண்டாம் தொழிற்சாலைக்குப் போகும் உங்கள் பிள்ளைகளுக்கும், டவுனில் கடையில் நிற்பவர்களுக்கும் இது பொருந்தும். கடமை தவறும் முதலாளிக்கு அபராத உச்சவரம்பு 5 லட்சம் வெள்ளி. முதலுதவி பற்றித் தனியாகவே ஒரு வழிகாட்டியை பாதுகாப்பு இலாகா 2004ல் வெளியிட்டிருக்கிறது. பெட்டி உறுதியானதாக, தூக்கிச் செல்லக்கூடியதாக, பச்சை நிறத்தில் வெள்ளைச் சிலுவைக் குறி போட்டதாக இருக்க வேண்டும். சிவப்புச் சிலுவையும் பிறைச் சின்னமும் ஜெனீவா ஒப்பந்தப்படி பாதுகாக்கப்பட்டவை. அவற்றை யாரும் தம் இஷ்டத்துக்குப் பெட்டியில் வரையக்கூடாது.

ஆனால் கடையில் விற்கும் பெட்டியை அப்படியே வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லீங்க. ஆபீசில் காகிதம் விரலைக் கிழிக்கும், சின்ன பிளாஸ்டர் போதும். காட்டில் அரிவாள் வெட்டும். அதற்குப் பெரிய சுத்தமான காயப்பஞ்சுத் துணிகள், அகலமான சுருள் கட்டுத்துணி, முக்கோணத் துணி, ரப்பர் கையுறை, கத்தரிக்கோல் வேண்டும். இரத்தம் கொட்டினால் துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்னுச்சா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். காப்பித்தூள், புகையிலை எதையும் காயத்தில் அப்பாதீர்கள். இன்னமும் செய்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அடுத்து கண். குலை வெட்டும்போது தூசி விழும், மருந்தடிக்கும்போது தெறிக்கும், பால் உறையப் போடும் பார்மிக் ஆசிட் சிதறும். பெட்டிக்குள் ஒரு சின்னப் போத்தல் கண் கழுவும் நீர் இருந்தால் தொடங்குவதற்கு மட்டும் ஆகும். ஆசிடோ களைக்கொல்லியோ பட்ட கண்ணைக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். ஆகவே மருந்து கலக்கும் இடத்தில் சுத்தமான தண்ணீர் டிரம்மும் முதலுதவியின் ஒரு பகுதிதான் என்று கேட்டு வாங்குங்கள். நம் நாட்டில் விஷத்தைக் கண்ணில் பீய்ச்சும் நாகமும் உண்டு. அதற்கும் இதே தண்ணீர்தான். பாம்பு கடித்துவிட்டால் கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். கடிபட்ட கை காலை அசையாமல் கட்டி, 999ஐ அழையுங்கள், இல்லையேல் நேரே ஆஸ்பத்திரி.

பனைமுள் குத்தியதைச் சின்னக் காயம் என்று விட்டுவிடாதீர்கள். கழுவிக் கட்டிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ஜன்னி ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள். ஆழமாகக் குத்திய காயத்தில்தான் அந்தக் கிருமி வளரும்.

மாத்திரைகளைப் பெட்டியில் வைக்கச் சொல்லாதீர்கள். ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஆகாது. மாத்திரைக்காகத் திறந்து திறந்து மூடினால் கட்டுத்துணியும் கூடவே காணாமல் போகும்!

பெட்டி எங்கே இருக்க வேண்டும்? வேலை நடக்கும் இடத்தில். மண்டோர் கூடவே ஒன்று, டிராக்டரில் ஒன்று, ஸ்டோரில் ஒன்று. பூட்டு வேண்டாம். நம்மோடு வெட்டுபவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசியும் இருக்கிறார்கள். பெட்டிக்குள் வைக்கும் விளக்கத்தாளில் படமும் இருக்கட்டும். பயிற்சி பெற்றவர் ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் வேண்டும். செஞ்சிலுவையின் வழி வந்த பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. அந்தச் செலவை நிர்வாகம் ஏற்க வேண்டும் என்று கேளுங்கள்.

40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைப்பது கட்டாயம், அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்காருவார்கள். ஐவரே இருந்தாலும், 2024 முதல், பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றின் காலாவதித் தேதியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். குறைவதையும் அதே தாளில் எழுதி, நகல் ஒன்றைத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுத்து வையுங்கள்.