ஆகாயக் கணக்கு – 14: மரை தேய்ந்த கதை

சென்ற வாரம் பார்த்த வாலுஜெட் விமானம் புறப்பட்ட பத்தே நிமிடத்தில் சதுப்பில் விழுந்தது. இந்த வார விமானமும் விழுந்ததுதான். ஆனால் அது விழ ஆரம்பித்தது எப்போது என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம். 2000 ஜனவரி 31 என்பது காலண்டர் சொல்லும் தேதி. 1996 ஜூலை என்று நான் சொல்வேன். அந்த மாதம் அலாஸ்கா ஏர்லைன்ஸ் அலுவலகத்தில் ஒரு பராமரிப்பு அட்டையில் ‘மணி’ என்ற சொல் போய் ‘மாதம்’ என்ற சொல் வந்து உட்கார்ந்தது.

முதலில் அந்தத் திருகாணியைப் பார்த்துவிடுவோம். ஏறக்குறைய இரண்டடி நீளம், நல்ல எஃகு. எம்.டி.-83 ரக விமானத்தின் வாலின் உச்சியில் குறுக்கே ஒரு சின்னச் சிறகு படுத்திருக்கும்; அதன் முன்விளிம்பைத் தாங்கிக்கொண்டு இது செங்குத்தாக நிற்கும். மோட்டார் சுழற்றினால் சிறகின் முன்விளிம்பு ஏறும் அல்லது இறங்கும்; அதற்கேற்ப விமானத்தின் மூக்கு தணியும் அல்லது நிமிரும். திருகாணி எஃகு என்றால், அது ஏறி இறங்கும் நட்டு வெண்கலக் கலவை. இரண்டில் எது தேய வேண்டும் என்பதை முன்னாலேயே தீர்மானித்து, நட்டை மென்மையான உலோகத்தில் செய்திருந்தார்கள். தேயத்தான் போகிறது என்பதால் இரண்டு வேலைகள் கட்டாயம்: அடிக்கடி கிரீஸ் வைக்க வேண்டும், அவ்வப்போது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும்.

ஒன்று போனால் இன்னொன்று தாங்க வேண்டும் என்பது விமான வடிவமைப்பின் பால பாடம். இதிலும் ஒன்றுக்கு இரண்டாகப் புரிகள் இருந்தன. ஒரு புரி உடைந்தாலும் மற்றது சுமக்கும். ஆனால் இரண்டும் ஒரே நட்டுக்குள், ஒரே கிரீஸை நம்பி ஓடின. காய்ந்தால் இரண்டும் சேர்ந்தே காயும். தேய்ந்தால் சேர்ந்தே தேயும். ஒரே கொடியில் கட்டிய இரண்டு ஊஞ்சல்.

அன்று 261ஆம் எண் விமானம் மெக்சிகோவின் புவேர்ட்டோ வல்லார்ட்டாவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வழியாக சியாட்டில் போக வேண்டும். பயணிகள் 83 பேர், ஊழியர்கள் 5 பேர். உயரம் ஏறும்போதே வால் சிறகு இறுகிக்கொண்டது. விமானிகள் டெட் தாம்ப்சனும் வில்லியம் டான்ஸ்கியும் கைப்பலத்தால் மூக்கைத் தூக்கிப் பிடித்தபடி ஓட்டினார்கள். தரையில் இருந்த பராமரிப்புப் பிரிவோடு ரேடியோவில் பேசினார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் இறங்குவது என்று முடிவாயிற்று. மாலை 4.09க்குத் திருகாணி திடீரென்று விடுபட, 31,000 அடியிலிருந்து விமானம் தலைகுப்புறப் பாய்ந்தது. சுமார் 23,000 அடியில் அதை மீட்டார்கள். அதற்குப் பிறகும், ஊருக்கு மேலே வேண்டாம், கடலுக்கு மேலேயே சோதித்துப் பார்க்கிறோம் என்று தாம்ப்சன் கட்டுப்பாட்டு அறையில் அனுமதி கேட்டார். பத்து நிமிடம் அப்படி ஓடியது. பிறகு வால் சிறகு மொத்தமாகக் கைவிட்டது. விமானம் மல்லாந்தது. மல்லாந்த நிலையிலேயே பறக்க வைக்கக் கடைசிவரை முயன்றார்கள். கலிஃபோர்னியாவின் அனகாப்பா தீவுக்கு அருகே பசிபிக்கில் விழுந்தது. 88 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அங்கே போர்ட் வைனீமி கடற்கரையில் ஒரு சூரியக் கடிகாரம் நட்டிருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஜனவரி 31 மாலை 4.22க்கு அதன் நிழல் நினைவுப் பலகையின் மேல் விழும்.

திருகாணி கடலடியிலிருந்து மேலே வந்தது. நட்டின் மரை அதைச் சுற்றிக் கம்பிச் சுருளாகக் கிடந்தது. நட்டுக்குள் மரை என்று ஒன்று இல்லை, வழவழவென்றிருந்தது. திருகாணி வேலை செய்யும் பகுதியில் உருப்படியான கிரீஸ் இல்லை. கிரீஸ் உள்ளே போகிற வழியைக் காய்ந்த கசடு அடைத்திருந்தது. நம் ஊரில் புத்தி பேதலித்தவனை ‘மரை கழண்ட கேஸ்’ என்போம். அந்த வசவை அன்றிலிருந்து நான் பயன்படுத்துவதில்லை.

இனி அந்த அட்டைக்கு வருவோம். இந்த விமானத்தின் மூதாதையான டி.சி.-9 1965இல் வந்தபோது, 300 முதல் 350 மணி நேரப் பறப்புக்கு ஒரு முறை கிரீஸ் வைக்கச் சொன்னார்கள். அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1987இல் 500 மணிக்கு ஒரு முறை வைத்துக்கொண்டிருந்தது. 1988இல் அது 1,000 ஆயிற்று. 1991இல் 1,200. 1994இல் 1,600. கவனியுங்கள், 1988இல் இரட்டித்ததை விட்டால் ஒரு தடவைகூடத் தடாலென்று தாண்டவில்லை. மற்ற ஒவ்வொரு முறையும் முந்தைய எண்ணோடு ஒப்பிட்டால் சின்ன மாற்றம்; ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லையே’ என்ற சான்றிதழ் வேறு கையில். 1965இன் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவர் யார்? தயாரிப்பாளர் தரப்பே பின்னாளில் 3,600 மணி வரை விடலாம் என்று பரிந்துரைத்திருந்தது. அந்தப் பரிந்துரை தயாரானபோது, முதலில் 300 என்று சொன்ன வடிவமைப்புப் பொறியாளர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

1996இல் எண் மட்டுமல்ல, அலகே மாறியது. எட்டு மாதத்துக்கு ஒரு முறை கிரீஸ். இடையில் எத்தனை மணி பறந்தாலும் சரி.

என் தாத்தா காலத்து வண்டிக்காரர்கள் மாட்டு வண்டியின் அடியில் மூங்கில் குழாயில் வண்டி மை தொங்கவிட்டிருப்பார்கள். எப்போது அச்சுக்கு மை போடுவீர்கள் என்று கேட்டால் ‘ரெண்டு நடை போய் வந்தா போடணும்’ என்பார்கள். நடைதான் கணக்கு, நாள் இல்லை. கொட்டிலில் சும்மா நிற்கும் வண்டி மாதக்கணக்கில் மையைக் குடிக்காது. அறுவடைக் காலத்தில் நாலு நாளில் குடித்துவிடும். அச்சு காலண்டர் பார்ப்பதில்லை.

அலாஸ்கா ஏர்லைன்ஸுக்கு அது அறுவடைக் காலம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலிவுக் கட்டணப் போட்டியில் நஷ்டப்பட்டு, செலவைச் சுருக்கி, 1995இல் தலைமை மாறி, இருக்கிற விமானங்களை இன்னும் அதிக நேரம் பறக்கவிட்டுத்தான் அது நிமிர்ந்தது. விமானம் தரையில் நின்றால் காசு இல்லை, அது எல்லா நிறுவனத்துக்கும் பொது. எட்டு மாதம் என்பது அந்த ஓட்டத்தில் சுமார் 2,550 மணி நேரம். அதாவது ஒரு நாளைக்குப் பத்து மணிக்கு மேல். அட்டையில் ‘2,550 மணி’ என்று எழுதியிருந்தால் யாராவது ஒருவர் புருவத்தை உயர்த்தியிருப்பார். ‘8 மாதம்’ என்றதும் சாதுவாகிவிட்டது.

அளவு பார்ப்பதும் இதே வழியில் போனது. 1985இல் 5,000 மணிக்கு ஒரு முறை அளந்தார்கள். 1988இல் அது ஏறத்தாழ 6,400 ஆகி, 1996இல் ‘30 மாதம்’ என்று மாறியது. பறப்பில் சுமார் 9,550 மணி. எல்லாவற்றுக்கும் எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் உண்டு. நம் டி.ஜி.சி.ஏ. போல அங்கே விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு அது. திருட்டுத்தனமாக நடந்தது ஒன்றுமில்லை.

அளப்பது என்றால் என்ன? ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தை ஆட்டிப் பார்த்து ‘பிளே இருக்கு சார்’ என்பார்களே, அதேதான். நட்டுக்கும் திருகாணிக்கும் இடையே ஆட்டம் எவ்வளவு என்று பார்ப்பது. உச்ச வரம்பு அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு. நம் லேத் பட்டறை மொழியில் 40 தௌ, சுமாராக ஒரு மில்லிமீட்டர்.

1997 செப்டம்பர் 27. ஓக்லண்ட் பராமரிப்புத் தளத்தில் இதே விமானத்தை அளந்தார்கள். சரியாக 40. வரம்பின் விளிம்பு. தாண்டவில்லை, ஆனால் அடுத்த 30 மாதத்துக்கு எவன் பொறுப்பு? ஷிப்ட்டில் இருந்த தலைமை மெக்கானிக் நட்டை மாற்றச் சொல்லி எழுதிவைத்தார். மூன்றாம் நாள் வேறு ஷிப்ட் மறுபடி அளந்தது. ஐந்து முறை அளந்தார்கள் என்கிறது பதிவேடு. 33 வந்தது. மாற்ற வேண்டியதில்லை என்று முந்தைய உத்தரவை அடித்துவிட்டு விமானத்தை அனுப்பிவைத்தார்கள். 40க்கும் 33க்கும் உள்ள வித்தியாசம் ஒரு விசிட்டிங் கார்டின் கனம்கூட இல்லை.

33 என்பது சட்டப்படி சரியான எண். ஆயிரம் மணிக்கு ஒரு தௌ தேயும் என்பது எதிர்பார்ப்பு. அந்தக் கணக்குப்படி இன்னும் ஏழாயிரம் மணி பறக்கலாம். ஆனால் உலர்ந்துபோன இந்த நட்டு ஆயிரம் மணிக்குப் பன்னிரண்டு தௌ தேய்ந்துகொண்டிருந்தது. அடுத்த அளவுக்குக் குறித்திருந்த மாதம், 2000 மார்ச்.

கடைசியாக கிரீஸ் வைத்ததாகக் கையெழுத்து விழுந்தது 1999 செப்டம்பரில், சான் ஃபிரான்சிஸ்கோவில். வால் உச்சியில் அந்த மூடியைத் திறந்தால் கை நுழைவதே கஷ்டம். உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, தடவித்தான் வேலை. பழைய கிரீஸைத் துடைத்து, புதிதை கிரீஸ் கன்னால் ஏற்றி, திருகாணி நெடுகப் பூசி, சிறகை ஏற்றி இறக்கிப் பரவவிட வேண்டும். தயாரிப்பாளர் கணக்குக்கு நான்கு மணி நேர வேலை. அதைச் செய்த மெக்கானிக், ஒரு மணி நேரம் போல ஆகும் என்று விசாரணையில் சொன்னார். எல்லோரும் அவர் மேல் பாய்ந்தார்கள். எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. 500 மணிக்கு ஒரு முறை கிரீஸ் வைத்த காலத்தில் ஒருவர் ஒரு தடவை சோம்பியிருந்தால், அடுத்தவர் கை சீக்கிரமே வந்து சரிசெய்திருக்கும். இடைவெளியை நீட்ட நீட்ட, ஒவ்வொரு தவறிய கைக்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது. அந்த விலையை ஏற்றியவர்கள் மெக்கானிக்குகள் அல்ல.

சரி, கண்காணித்தவர்கள்? அதே ஓக்லண்ட் தலைமை மெக்கானிக் 1998இலேயே, இங்கே பதிவேடுகள் சரியில்லை என்று எஃப்.ஏ.ஏ.விடம் போய்ச் சொல்லியிருந்தார். குற்றவியல் விசாரணையே தொடங்கியிருந்தது. பிற்பாடு யார் மேலும் வழக்குப் பதியாமல் அது முடிந்தது. அதே 1998இல் எஃப்.ஏ.ஏ. தன் மேற்பார்வை முறையைப் புதிதாக மாற்றியது. போய் நின்று பார்ப்பதைக் குறைத்து, தரவுகளைத் திரட்டி ஆராயும் முறை. காகிதத்தில் அருமை. நடைமுறையில், ஆய்வாளர்களின் நேரத்தைப் படிவங்கள் தின்றன. அலாஸ்காவைக் கவனிக்க ஆள் போதவில்லை என்று சியாட்டில் அலுவலகம் 1999 நவம்பரில் மேலிடத்துக்குக் கடிதம் எழுதியது. மூன்றே மாதத்தில் விபத்து.

2000 ஏப்ரலில் எஃப்.ஏ.ஏ. தனிக்குழு அனுப்பி நிறுவனத்தைத் துருவியது. அப்போதுதான் நாற்காலிகளின் கதை வெளியே வந்தது. பராமரிப்பு இயக்குநர் பதவி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகக் காலி. பாதுகாப்பு இயக்குநர் என்று இருந்தவர் தரக் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் சேர்த்தே சுமந்துகொண்டிருந்தார். தேர்வு எழுதியவரே திருத்துவது மாதிரி. கிரீஸ் இடைவெளி, அளவு இடைவெளி, ஓட்ட நேரம் மூன்றும் ஒரே சமயத்தில் நீண்டுகொண்டிருந்தபோது, மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டிய நாற்காலியில் ஆள் இல்லை. தனிக்குழு வருவதற்கு முந்தைய மாதம்தான் சியாட்டில் மெக்கானிக்குகள் 64 பேர், அவசரப்படுத்தி அரைகுறை வேலை வாங்குகிறார்கள் என்று நிர்வாகத்துக்குக் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்திருந்தார்கள்.

ஜூனில், பெரிய பராமரிப்பு வேலைகளைச் செய்யும் உரிமையையே நிறுத்திவைப்போம் என்று எஃப்.ஏ.ஏ. எச்சரித்தது. நிறுவனம் திருத்தத் திட்டம் கொடுத்துத் தப்பியது. தலைவருக்கு நேரடியாகப் பதில் சொல்லும் பாதுகாப்புத் துணைத்தலைவர் பதவி புதிதாக உருவாயிற்று. எம்.டி.-80 குடும்ப விமானங்கள் அனைத்துக்கும் 650 மணிக்கு ஒரு முறை கிரீஸ், 2,000 மணிக்கு ஒரு முறை அளவு என்று எஃப்.ஏ.ஏ. பிப்ரவரியிலேயே உத்தரவிட்டிருந்தது. மறுபடியும் மணிக் கணக்கு.

என்.டி.எஸ்.பி. என்ற விபத்து விசாரணை வாரியத்தின் அறிக்கை 2002 டிசம்பரில் வந்தது. கிரீஸ் பற்றாக்குறையால் மிதமிஞ்சித் தேய்ந்த நட்டு. இடைவெளிகளை நீட்டிய நிறுவனம். அதற்கு ஒப்புதல் தந்த எஃப்.ஏ.ஏ.; மரை போனால் தாங்கிக்கொள்ள மாற்று வழி இல்லாத வடிவமைப்பு. நான்குக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தது. வாரிய உறுப்பினர்களில் ஜான் கோலியா மட்டும் மெக்கானிக்காக வாழ்க்கையைத் தொடங்கியவர். இது பராமரிப்பு விபத்துதான் என்று தனிக் குறிப்பே எழுதிச் சேர்த்தார். சொந்த ஜாதியைக் காப்பாற்ற அவர் முயலவில்லை.

இன்னொன்று. இடையில், அந்த 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஆட்டத்தை அளக்கும்போது பொருத்தும் கருவியை எடுத்துப் பார்த்தார்கள். அலாஸ்கா ஏர்லைன்ஸ் தன் பட்டறையிலேயே செய்துகொண்டது. தயாரிப்பாளர் சொன்ன அளவுகளோடு அது பொருந்தவில்லை. அதை வைத்து அளந்தால் உண்மை எண் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விபத்துக்குப் பிறகு அத்தனை பேர் பார்வையில் அளந்து ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய எம்.டி.-80களில் ஏறத்தாழ பாதியைத் தரையிலேயே நிறுத்திவைத்து, வால் மூடியைத் திறந்து, முதலிலிருந்து அளந்தார்கள்.

(தொடரும்)