மிதிவண்டியில் தொண்டை நாடு

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

‘ஊர்சுற்றி’ என்பது நம்மிடையே ஒரு வசைச்சொல். படிக்காமல் திரிபவனையும் வேலையின்றி அலைபவனையும் அப்படித்தான் அழைக்கிறோம். ஆயினும் வரலாற்றைப் பாடமாக எடுத்துக்கொண்டவனுக்கு ஊர் சுற்றுவதும் ஒரு படிப்பே. அதிலும் மிதிவண்டியில் சுற்றுவது தனிப் படிப்பு. நடந்து போனால் ஒரு நாளில் ஓர் ஊரைத்தான் பார்க்கலாம். பேருந்தில் போனால் ஊர்ப் பெயர்ப் பலகையைத்தான் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவே, மண்ணைத் தொட்டுக்கொண்டே தொலைவைக் கடக்கும் வாகனம் மிதிவண்டி ஒன்றுதான்.

நான் காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தைச் சேர்ந்தவன். மேல்நிலை முதலாண்டில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டிதான் இன்றுவரை என் வாகனம். கியர் கிடையாது, பின்னால் ஒரு கேரியர், முன்னால் ஒரு கூடை. விடுமுறை நாட்களில் அதில் ஏறிச் சுற்றிய பாதைகளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

காஞ்சிக்கு வருவோர் கோயில்களை வணங்கிப் பட்டுச் சேலை வாங்கித் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் பல்லவர் விட்டுச் சென்றவை நகரத்தோடு முடிந்துவிடவில்லை. நகரத்துக்கு வெளியே, ஏரிகளுக்கும் சிறு குன்றுகளுக்கும் இடையே அவை சிதறிக் கிடக்கின்றன. அவற்றை இணைப்பவை சரளை மண் பாதைகள். ஊரில் இவற்றைக் ‘கிராவல் ரோடு’ என்பார்கள்.

பாதையை வகுத்தது யார்?

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ‘ஏரிகள் மாவட்டம்’ என்று அழைப்பதுண்டு. இங்குள்ள ஏரிகள் பெரும்பாலும் இயற்கையாக அமைந்தவை அல்ல. நிலம் சரியும் திசையில் பிறை வடிவில் மண்கரை எழுப்பி மழைநீரைத் தேக்கியவை. வரத்துக் கால்வாய் நீரைக் கொண்டுவரும். மதகு வழியாக நீர் ஆயக்கட்டு நிலங்களுக்குப் பாயும். மிகுந்த நீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும். இப்படி ஏரிக்குப் பின் ஏரியாக ஒரு சங்கிலி.

மதகைத் திறக்கப் போகிறவருக்கும், மாடு ஓட்டிப் போகிறவருக்கும், அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போகிறவருக்கும் கரையே வழியாயிற்று. நீர் போன வழியில் ஏரி அமைந்தது. ஏரி அமைந்த வழியில் பாதை அமைந்தது. பாதை போன இடமெல்லாம் ஊரும் கோயிலும் அமைந்தன. ஆகையால் ஏரிக்கரை மேல் மிதிவண்டி ஓட்டுகிறவன், தெரிந்தோ தெரியாமலோ, பழைய நீர்ப்பாசனத் திட்டம் ஒன்றின் வரைபடத்தின் மேல் ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஒரு பக்கம் நீர்ப்பரப்பு, மறு பக்கம் கீழே பச்சை வயல், எதிரே ஒரு பாறைக் குன்று. இரைச்சல் என்று சொன்னால் கொக்கும் நீர்க்காகமும் போடும் இரைச்சல்தான்.

சித்திரமேகத் தடாகம்

முதலில் போக வேண்டிய இடம் மாமண்டூர். காஞ்சியிலிருந்து செவிலிமேட்டுப் பாலத்தில் பாலாற்றைக் கடந்து தெற்கே போனால், ஏறத்தாழ 10, 12 கிலோமீட்டர் தொலைவு. ஊர் எல்லை வரை தார்ச்சாலையில் போய், அதன்பின் ஏரியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த ஏரிக்குச் சித்திரமேகத் தடாகம் என்பது பழம்பெயர். சித்திரமேகன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்களுள் ஒன்று. ஏரிக்கு மேகத்தின் பெயரை வைத்தவர்களின் மனத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏரியை ஒட்டிய குன்றில் நான்கு குடைவரைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் சிதைந்த வடமொழிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மன் இயற்றிய ‘மத்தவிலாசம்’ என்னும் நகைச்சுவை நாடகத்தின் பெயர் அதில் காணப்படுகிறது. கள்ளுண்ட காபாலிகன் ஒருவன் காஞ்சித் தெருக்களில் தன் கபாலத்தைத் தேடி அலைவதே அந்நாடகத்தின் கதை. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அரசன் ஒருவன் ஏரி, குடைவரை, நாடகம் மூன்றையும் ஒரே கையால் செய்திருக்கிறான் என்பதை வகுப்பறையில் கேட்டால் அது ஒரு மதிப்பெண் வினாவிற்கான விடை. குடைவரையின் தூண் நிழலில் அமர்ந்து ஏரிக்காற்று வாங்கும்போது அது விடையாக மட்டும் இருப்பதில்லை.

அங்கிருந்து சிறிது தொலைவில் தூசிக்கு அருகே குரங்கணில்முட்டம் இருக்கிறது. குரங்கும் அணிலும் முட்டமாகிய காகமும் வழிபட்ட தலம் என்பது பெயர்க் காரணம். திருஞானசம்பந்தர் பாடிய வாலீசுவரர் கோயிலும், கல்மண்டகம் எனப்படும் குடைவரையும் இங்குள்ளன. அதே பக்கத்தில் ஐயங்கார்குளம் சஞ்சீவிராயர் கோயிலையும் நடவாவிக் கிணற்றையும் காணலாம். படியிறங்கிப் போனால் நிலத்துக்கடியில் மண்டபத்தோடு கூடிய கிணறு. சித்திரா பௌர்ணமியன்று காஞ்சி வரதராசப் பெருமாள் இங்கு எழுந்தருளுகிறார்.

மூன்று ஆறுகளும் ஒரு மருத்துவமனையும்

இரண்டாவது பயணம் நீண்டது. ஒரு நாள் முழுதும் வேண்டும். காஞ்சியிலிருந்து வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரம் சென்றால், அங்கே குன்றின் மேல் இலட்சுமி நரசிம்மர் கோயில். அதன் எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுமிடம் என்பதால் அப்பெயர். ஆண்டின் பல மாதங்கள் மூன்றிலும் மணலைத்தான் பார்க்கலாம் என்பது வேறு செய்தி.

திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கி.பி. 1068ஐச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைக் குறிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், நோயாளரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஆகியோருக்கு உரிய ஊதியமும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. மாணவர்க்கு உணவளித்த கல்விச்சாலை ஒன்றும் அங்கிருந்தது.

வயிரமேகத் தடாகம்

திருமுக்கூடலிலிருந்து தென்மேற்கே திரும்பினால் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளை அறியாத மாணவர் இருக்க முடியாது. 30 குடும்புகள், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் என்னும் வரம்பு, பானையிலிருந்து ஓலை எடுக்கும் சிறுவன் என்று நாம் மனப்பாடம் செய்தவை எல்லாம் அந்தச் சுவரில் இருக்கின்றன. ஆனால் ஏரிக்கரை வழியே வந்து சேர்ந்தவனின் கண் வேறொரு வரியில் நிற்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். அதற்கு உறுப்பினர் 6 பேர். கரையைக் காக்கவும் தூர் எடுக்கவும் ஊரார் கூடி ஆள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவர்கள் காத்த ஏரியின் பழம்பெயர் வயிரமேகத் தடாகம். மாமண்டூரில் ஒரு மேகம், உத்திரமேரூரில் ஒரு மேகம். திரும்பும்போது மாகறல் வழியாக வந்து, ஓரிக்கைப் பாலத்தில் பாலாற்றைக் கடந்தால் காஞ்சி.

புறப்படுமுன்

இப்பாதைகளுக்கு விலை உயர்ந்த வண்டி தேவையில்லை. ஆயினும் சிலவற்றை அறிந்துகொள்ள வேண்டும். கல்லென இறுகிய டயர் சரளையில் வழுக்கும். காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் டயர் மண்ணைப் பற்றும். சரிவில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் வண்டி ஆளைத் தூக்கி எறியும். பின் பிரேக்கை முதலில் மெல்லப் பிடித்து, உடலைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவது இழுக்கல்ல.

கரைப் பாதையில் நமக்குப் பெரும் பகை வேலிக்காத்தான் முள். ஆகவே பஞ்சர் ஒட்டும் சாமான்களும் பம்பும் கையில் இல்லாமல் போகக் கூடாது. மார்கழி முதல் மாசி வரை ஏற்ற காலம். ஏரியில் நீரும் இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். கோடையில் என்றால் விடியுமுன் புறப்பட்டுப் பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். மழை பெய்த மறுநாள் கரைமேல் ஓட்டலாகாது. சக்கரம் பதிந்த தடத்தில் நீர் ஓடினால் கரை அரிக்கும்.

புதியவரைக் கண்டால் ஊரார் கேள்வி கேட்பார்கள். “என்னா தம்பி, சர்வே எடுக்க வந்தியா?” என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். இல்லை, கல்வெட்டுப் பார்க்க வந்தேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அளக்க வருகிறவர்களைப் பற்றிய அச்சம் இப்பகுதியில் இயல்பானதே. 2022இல் பரந்தூரில் புதிய விமான நிலையம் அறிவிக்கப்பட்டதிலிருந்து, அப்பக்கத்து ஊர்களில் நிலமும் ஏரியும் என்ன ஆகும் என்பதே பேச்சு.

டஸ்கனியின் வெள்ளைச் சாலைகள்

இத்தாலி நாட்டில் டஸ்கனி என்றொரு மலைப்பாங்கான பகுதி உண்டு. திராட்சைத் தோட்டங்களும் பழங்கோட்டைகளும் நிறைந்த அங்கே, சுண்ணாம்புக்கல் சரளை பரப்பிய வெள்ளைச் சாலைகள் குன்றுக்குக் குன்று வளைந்து செல்கின்றன. அவை ஒவ்வொன்றாகத் தாரிடப்பட்டு மறைவதைக் கண்ட சிலர், 1997இல் கயோலே என்னும் சிற்றூரிலிருந்து பழைய மிதிவண்டிகளில் ஒரு பயணம் தொடங்கினார்கள். ‘லெரோய்கா’ என்னும் அந்தப் பயணத்திற்கு இன்று பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 1987க்கு முன் செய்த பந்தய மிதிவண்டிகளே அதற்கு உரியவை. 2007 முதல் அதே சாலைகளில் தொழில்முறைப் பந்தயமும் நடக்கிறது. பாதையைக் காக்க அவர்கள் கண்ட வழி, அதைப் பயன்படுத்துவதே.

அதை அப்படியே இங்கு கொண்டுவர முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரசவத்துக்கு ஆட்டோ வர முடியாத ஊரில் நின்றுகொண்டு, தார்ச்சாலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஊருக்கு ஊர் நல்ல சாலை வரட்டும். நான் கேட்பது ஏரிக்கரைப் பாதையையும் கால்வாய் ஓரப் பாதையையும் பற்றி மட்டுமே. ஆள் நடமாட்டம் நின்ற கரையில் முதலில் முள் ஏறுகிறது. பிறகு வேலி வருகிறது. அதன்பின் அங்கே பாதை இருந்ததைச் சொல்ல ஆள் இருப்பதில்லை. கரை உடைப்பை முதலில் காண்பவன் அதன்மேல் போகிறவன்தான். போகிறவனே இல்லாவிட்டால் எந்த ஏரி வாரியம் வந்து காக்கும்?

நம் கல்லூரியின் மிதிவண்டிக் கொட்டகையில், அரசு தந்த வண்டிகள் பல செயின் துருப்பிடித்து நிற்கின்றன. வரலாற்றுத் துறையும் நாட்டு நலப்பணித் திட்டமும் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு, ஓர் ஏரிக்கரை என்று வைத்துக்கொண்டால், மூன்றாண்டில் தொண்டை நாட்டின் பெரும்பகுதியை நாம் கண்ணால் கண்டிருப்போம். உடைந்த மதகையும் சிதையும் கல்வெட்டையும் குறித்து வைத்து, உரிய அலுவலகங்களுக்கு எழுதவும் செய்யலாம். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டும். மாணவ நண்பர்கள் முதலில் செயினுக்கு எண்ணெய் விட வேண்டும்.