தென்னையில் காது வைத்துக் கேளுங்கள்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்த தென்னைகளைப் புதுச்சேரிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் காற்றே அடிக்காத நாளில், லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ ஒரு வீட்டுக் கொல்லைத் தென்னை கொண்டை மடிந்து தொங்கினால், "பட்டுப் போச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தண்டைப் பிளந்து பார்ப்பவர் குறைவு. பார்த்தால், பல நேரம் உள்ளே சிவப்புக் கூன்வண்டின் புழுக்கள் நெளியும்.

நாம் திட்டுவதெல்லாம் காண்டாமிருக வண்டை. விரிந்த ஓலையில் கத்தரித்தாற்போல் முக்கோண வெட்டு இருந்தால் அது அதன் வேலை. வளர்ந்த மரத்தை அது மட்டுமே கொல்வது அரிது. அது குடைந்த காயத்தின் வாடைக்குத்தான் கூன்வண்டு வருகிறது. ஒரு பெண் வண்டு 200 முட்டைக்கு மேலும் இடும். கால் இல்லாத புழு தண்டுக்குள்ளேயே தின்று வளர்ந்து, நாரால் கூடு கட்டி, வண்டாகித்தான் வெளியே வரும். 5 முதல் 20 வயது மரங்களே இதற்கு அதிகம் இரையாகின்றன.

ஆகவே ஓலையைப் பார்த்தால் போதாது, தண்டைப் பாருங்கள். சிறு துளை, அதில் பிதுங்கி நிற்கும் மென்ற நார், பழுப்பாக வடியும் பிசுபிசுப்பான நீர். தண்டில் காதை வைத்தால் புழு அரைக்கும் சத்தம்கூடக் கேட்கும். உள்மட்டைகள் மஞ்சளித்தால் நாள் கடந்துவிட்டது என்று பொருள். கொண்டை சாய்ந்தபின் மருந்துக்குச் செலவழிப்பது வீண்.

பாதிக் காயம் நாமே போடுவது. மின்கம்பியில் உரசுகிறதென்று பச்சை மட்டையை அடியோடு வெட்டுகிறோம். ஏறுவதற்குத் தண்டில் படி செதுக்குகிறோம். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு மீட்டருக்கு மேல் மட்டையை விட்டு வெட்டுங்கள். குருத்தையொட்டிய மட்டை இடுக்குகளில் ஒரு பங்கு வேப்பம் பிண்ணாக்கும் இரு பங்கு மணலும் கலந்து போட்டால் காண்டாமிருக வண்டு அண்டாது. மட்கிய மரமும் எருக்குழியும்தான் அதன் பிறந்தவீடு. அங்கேயும் ஒரு கண் வேண்டும்.

கூன்வண்டுக்குச் சொந்த ஊர் நம் ஆசியா. 2006இல் அது பிரான்சின் தென்கடற்கரையில் தலைகாட்டியது. அங்கே சாலையோர அலங்காரப் பேரீச்சைகள் அடுத்தடுத்துப் பட்டன. வளமான நாடு என்பதற்காக வண்டு தயங்கவில்லை.

பட்ட தென்னையைக் கொல்லையில் விட்டுவைக்காதீர்கள். வெட்டி, பிளந்து, புழுவோடு எரித்துவிடுங்கள். இல்லையேல் அடுத்த வீட்டு மரத்துக்கும் வண்டு அங்கிருந்துதான் போகும். சந்தேகம் இருந்தால் குரும்பாபேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.